தள்ளி வைத்த தேதி

காலை ஆறு இருபதுக்கு நாத்தனார் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"அண்ணி, உள்ளேயே குடித்தனம் வெச்சுட்டீங்களா? நான் ஏழு மணிக்குக் கடை திறக்கணும்."

அவள் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கைகழுவும் தொட்டியின் விளிம்பில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை கிடந்தது. முதல் கோடு உடனே வந்துவிட்டது. இரண்டாவது வரும்வரை குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது இரண்டும் இருந்தன. இரண்டாவது வெளிறியிருந்தது. ஆனால் இருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. சட்டத்தில் கண்ணாடி அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் பார்த்த பார்வையில் பிடித்துவிடுவாள். ஒரு கோடு இருக்கிறதா இல்லையா என்று இரண்டாம் முறை பார்க்க வேண்டியதில்லை.

இரண்டாம் முறையும் பார்த்தாள்.

பட்டையைக் காகிதத்தில் சுற்றிக் காலியான மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடினாள். கூட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நாத்தனார் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அதனால்தான் பட்டையை அங்கே வாங்காமல், மூன்று தெரு தள்ளிப் போய், தெரியாத கடையில் வாங்கியிருந்தாள்.

நாத்தனாரின் பார்வை முதலில் அவள் முகத்துக்குப் போனது. பிறகு குளியலறைக்குள் இருந்த குப்பைக் கூடைக்கு.

"குளிக்கவா கைப்பையோட போனீங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடத்தில் கணவன் காலணி மாட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். பையில் ஸ்பானர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிப் போனான். லிஃப்ட்டில் அல்ல. படியில். ஏழாவது மாடியிலிருந்து கீழே வரை.

ஒன்றரை வருடமாக இப்படித்தான். லிஃப்ட் மெக்கானிக்கே படியில் இறங்கினால் நாங்கள் எந்த தைரியத்தில் ஏறுவது என்று எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். உடம்புக்கு நல்லது என்று சிரித்து மழுப்பிவிட்டான். அவளுக்கு வேறு சந்தேகம். படியில் இறங்கும்போதும் ஏறும்போதும் அவன் யாரோடோ தொலைபேசியில் பேசுகிறான். வீட்டு வாசல் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வயிற்றில் இருந்த இரண்டு மாதக் கரு அன்று தங்காமல் போனது. வீட்டு லிஃப்ட் அன்றைக்குப் பார்த்து நடுவில் நின்றிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடியும் அவன்தான் இறங்கினான். சில மாதம் போகட்டும், பிறகு முயற்சி செய்யுங்கள் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் அவள் கைபேசியில் மாதவிடாய்க் கணக்குப் பார்க்கும் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். முதல் நாளைக் குறித்தால் போதும். தீட்டு நாட்களுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கும். கரு உண்டாக வாய்ப்புள்ள நாட்களுக்குப் பச்சை வட்டம் போடும். அண்ணனுக்கும் தெரியட்டும் என்று அவன் கைபேசியிலும் அதை இணைத்துவிட்டாள். அவள் ஒரு தேதியைப் போட்டால் அவன் கைபேசி அதிரும்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு ஒரு மாதம் பச்சை நாட்களில் அவனுக்கு வெளியூர் வேலை வந்தது. அடுத்த மாதமும் வந்தது. ஆபீஸில் போடுகிறார்கள், நான் என்ன செய்ய என்றான். அதற்கடுத்த மாதம், வட்டம் தொடங்கிய அன்று காலை அவன் பையோடு நின்றபோது, அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பிடி கொடுக்க மாட்டான்.

போட்டு வாங்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

போன மாதம் உண்மையில் வந்த தேதியைச் செயலியில் போடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தலைவலி, சளி என்று ஒதுங்கிப் படுத்தாள். ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மாலை, இன்றுதான் வந்தது என்று பொய்த் தேதி போட்டாள். மேசைமேல் இருந்த அவன் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். சமையலறைக்குப் போய் வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தான். வராத வலிக்கு அதை வயிற்றில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தாள்.

பச்சை வட்டங்கள் ஒரு வாரம் தள்ளிப் போயின. அவன் வெளியூர் வேலையும் ஒரு வாரம் தள்ளிப் போனது.

*

தாடியின் கண்ணாடி அன்று தயாராகியிருந்தது. கணவனோடு வேலை பார்ப்பவர். தாடியை எடுத்துப் பல வருடமாயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படித்தார். பிறகு மேசையை, தரையை, தன் கையை எல்லாம் பார்த்தார்.

"பளிச்சுனு தெரியுது தங்கச்சி. இனிமே வீட்டுல தூசி இருந்தது கண்ணுக்குத் தெரியலன்னு சொல்லித் தப்பிக்க முடியாது."

காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று கேட்டாள். இடது பக்கம் கொஞ்சம் என்றார். கண்ணாடியை வாங்கி, காதில் மாட்டும் காலைச் சூடு காட்டும் கருவியில் பிடித்தாள். பிளாஸ்டிக் இளகும் வரை பேச நேரம் இருந்தது.

உங்கள் ஆபீஸில் வெளியூர் வேலையெல்லாம் இவர் தலையில்தான் கட்டுகிறார்கள் போலிருக்கிறது என்றாள். குறைபோலச் சொல்லவில்லை. கண்ணாடிக் காலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

தாடி சிரித்தார். யார் சொன்னது என்றார். அது தாடியின் முறை. ஒவ்வொரு மாதமும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போவது இவள் கணவன்தான். அவருக்கும் சௌகரியம். பிள்ளைகளோடு இருக்கலாம்.

"ஆனா ஒண்ணு புரியல. அங்க இருக்கறதே ரெண்டு லிஃப்ட். பாத்துட்டு மத்தியான பஸ்ஸப் புடிச்சுடலாம். இவர் என்னடான்னா வாரம் பூரா இருந்துட்டு வர்றார். கேட்டா சிரிக்கிறார்."

இளகிய காலை விரலால் வளைத்தாள். சூடு பட்டது. விரலை எடுக்கவில்லை.

போன மாதமும் அப்படித்தானா என்று கேட்டாள். போன மாதம் பெரிய கூத்து என்றார் தாடி. ஒரு வாரத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். அதற்காகத் தாடி பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். திடீரென்று வந்து, அந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் என்றாராம்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒரு பேச்சு. திங்கக்கிழமை காலைல ஒரு பேச்சு. என் பொண்ணு இன்னும் அவர் பேரைச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறா."

ஞாயிறு மாலை. மேசைமேல் அதிர்ந்த கைபேசி. வெந்நீர்ப் பை.

அவள் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். தாடியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஏதோ தப்பான இடத்தில் கால் வைத்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

சொல்ல மாட்டேன் என்றாள். கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று எதிரில் நின்று பார்த்தாள். நேராக இருந்தது.

அவர் போன பிறகு பின்னறைக்குப் போய் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்த கூட்டைத் திறந்தாள். கோடு காலையில் இருந்ததைவிட அழுத்தமாகத் தெரிந்தது. காய்ந்ததால் இருக்கலாம். மூடினாள்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். பட முடியவில்லை. குழந்தை வேண்டாம் என்றால் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாரம் முழுக்க வெளியூரில் ஓர் அறை. இரண்டே லிஃப்ட். அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

*

சாயங்காலம் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது நிறுத்தத்தில் நாத்தனார் நின்றிருந்தாள். வழக்கமாக முந்தின பஸ்ஸில் வந்து வீட்டுக்குப் போய்விடுவாள். காத்திருக்கிறாள் என்றால் காரணம் இருக்கும்.

தூறிக்கொண்டிருந்தது. ஒரே குடையில் நடந்தார்கள். நாத்தனார் உயரம். குடை அவள் கையில்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேட்டாத்தானே தெரியும்."

"போன மாசம் உங்களுக்கு ரெண்டு தடவை வந்துச்சா?"

அவள் நின்றாள். குடை இரண்டடி முன்னால் போய்த் திரும்பி வந்தது.

நாப்கின் பாக்கெட்டைக் கடையிலிருந்து வாங்கி வந்து குளியலறை அலமாரியில் வைப்பது நாத்தனார்தான். இரண்டு பேருக்கும் அது பொது. நாத்தனாரின் நாட்கள் மாதக் கடைசியில். போன மாதத் தொடக்கத்தில், நாத்தனார் தொடாமலேயே பாக்கெட் பாதியாகியிருந்தது. அப்போது அண்ணி தலைவலி என்று படுத்திருந்தாள். ஒரு வாரம் கழித்து அண்ணி வெந்நீர்ப் பையோடு படுத்தபோது பாக்கெட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. இவ்வளவையும் நாத்தனார் நடந்துகொண்டே சொன்னாள். மருந்துச் சீட்டுப் படிப்பது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"அலமாரி ஒரு வாரம் சொல்லுது. வெந்நீர்ப் பை ஒரு வாரம் சொல்லுது. நான் எதை நம்பறது? முன்ன ஒரு தடவை கலைஞ்ச உடம்பு. நடுவுல நடுவுல ரத்தம் வந்தா காட்டணும் அண்ணி. அதைத்தான் மறைக்கிறீங்களோன்னு பயந்துட்டேன்."

"ஒரு தடவைதான் வந்துச்சு."

"எந்த வாரம்?"

"தலைவலி வாரம்."

மேற்கொண்டு மறைக்க ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டாள். வெளியூர் வேலை, பச்சை வட்டம், பொய்த் தேதி, தாடி, எல்லாம். பட்டையைப் பற்றியும் சொன்னாள். நாத்தனார் முதலில் சிரித்தாள். உங்களைப் போய் அப்பாவி என்று நினைத்தேனே என்றாள். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி அவள் தோளை ஒருமுறை அணைத்துக்கொண்டாள். பிறகு எதையோ யோசித்து மெதுவாக நடந்தாள்.

"அந்த ஆப் என்ன, வயித்துக்குள்ள எட்டியா பாக்குது? நீங்க போடற தேதியை வெச்சுக் குத்துமதிப்பா வட்டம் போடுது. அடுத்த தீட்டுக்கு ரெண்டு வாரம் முன்னால முட்டை வெளிய வரும். அது உங்க உடம்புக்குத்தான் தெரியும். நீங்க அதுகிட்ட பொய் சொன்னா அதுவும் பொய்தான் சொல்லும்."

"தெரியும்."

"அப்ப நெஜமான நாள்ல அண்ணன் எங்க இருந்தான்?"

"வீட்டுலதான்."

வீட்டில்தான் இருந்தான். அந்த வாரம் அவன் சிரித்துக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. செயலியில் வட்டம் இல்லாத வாரம். அடுக்களையில் பாத்திரம் தேய்த்தபடி பாடினான். இரவுகளில் அவனே பக்கத்தில் வந்தான். வெகுநாள் கழித்து.

"வட்டம் போட்டிருந்த நாள்ல?"

"வெளியூர்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது.

நாத்தனார் அதைத்தான் யோசித்திருக்கிறாள். அவன் கைபேசியில் இருப்பது பொய்த் தேதி. அந்தக் கணக்குப்படி கரு உண்டாகியிருக்க வேண்டிய நாட்களில் அவன் ஊரிலேயே இல்லை.

தெரு முனையில் ஒரு வண்டி தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது. இரண்டு பேரும் விலகவில்லை.

உண்மைத் தேதியைச் சொன்னால், புருஷனுக்குப் பொறி வைத்தவள். வேண்டாம் என்று ஒதுங்கியவனை ஏமாற்றி வயிற்றில் வாங்கிக்கொண்டவள். சொல்லாவிட்டால் அதைவிட மோசமானவள். நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"அவர் கேட்டா, அந்தப் பாக்கெட் விஷயத்தை நீ சொல்வியா?"

"கேட்டா சொல்வேன். மறைக்க மாட்டேன். ஆனா அவன் கேக்கமாட்டான் அண்ணி. உங்களைத் தூக்கிட்டு ஏழு மாடி எறங்கின அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அவன் எதையும்..."

நிறுத்திக்கொண்டாள்.

"எதையும்?"

"ஒண்ணுமில்ல."

"அந்த ஊர்ல யாராவது இருக்காங்களா? உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

நாத்தனார் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கோபமா பரிதாபமா என்று பிரித்தறிய முடியவில்லை. அவனையே கேளுங்கள் என்றாள். அதற்குமேல் அவள் வாயைப் பிடுங்க முடியவில்லை. வீடுவரை குடையின் மேல் விழும் தூறலின் சத்தம்தான்.

*

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் படியில் காலடி கேட்டது. அவள் வாசலைத் திறந்து கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். அவன் இரண்டு மாடி கீழே வந்துகொண்டிருந்தான். மூச்சு வாங்கியது. நடுநடுவே பேசினான்.

"ம்... இல்ல, அவகிட்ட சொல்லல... அடுத்த தடவையும் அதே ரூம்தான்."

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சமையலறையில் நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

அவன் வந்தான். பையை வைத்தான். சட்டை முதுகில் ஈரம். மழையா வியர்வையா தெரியவில்லை. தேநீர் போடட்டுமா என்று அவன்தான் கேட்டான். வேண்டாம், உட்காருங்கள் என்றாள்.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தாள். காகிதத்தைப் பிரித்தாள்.

"நாள் தள்ளிப் போச்சு. பாத்துட்டேன்."

அவன் பட்டையைத் தொடவில்லை. தினமும் பத்துப் பதினைந்து பேரின் கண்களை நேருக்கு நேர் பார்ப்பவள் அவள். எந்தக் கண் எப்போது விலகும் என்று தெரியும். அவன் கண் விலகவில்லை. பட்டையிலேயே நின்றது. நெற்றி ஓரத்தில் ஒரு நரம்பு துடித்தது. சந்தோஷம் என்றால் அது இப்படி இருக்காது என்று நினைத்தாள். வெறுப்பு என்றாலும் இப்படி இருக்காது.

"வலி இருக்கா?" என்றான்.

இல்லை என்றாள்.

"வேற எதாவது? ரத்தம்?"

அதுவும் இல்லை என்றாள். நேரம் கடத்துகிறான் என்று பட்டது. தன் வாயால் ஒன்றும் சொல்லக் கூடாது, அவன் முதலில் வெளியூர் விஷயத்தைச் சொல்லட்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். காத்திருந்தாள்.

அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். சாரல் அடிக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தான்.

"ஆனா இதுல இன்னும் நாள் தள்ளலையே. வர்றதுக்கு மூணு நாள் இருக்குன்னுல்ல காட்டுது."

அவன் கட்டைவிரல் திரையை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளியது. சிவப்புப் புள்ளிகளின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. பிறகு பச்சை. அங்கே விரல் நின்றது. ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுக்கொண்டு போனான். வேலையில் கம்பியை இழை இழையாகத் தடவி, அறுந்த இடத்தைத் தேடுவதுபோல. கடைசி வட்டம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

சமையலறையில் குழாய் நின்றது.

அவன் கைபேசியை மேசைமேல், பட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. குரல் உயரவில்லை.

"இந்தப் பச்சை நாள்ல ஒண்ணுலகூட நான் வீட்ல இல்லையே?"